நாலாவது மட்ஃபிளாப்

கார் ஆக்ஸசரீஸ் கடையில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்த்தவருக்கு அங்கே விழுந்த பெயர் அரம். இரும்பைத் தேய்க்கிற அரம்தான். எதிரில் யார் நின்றாலும் ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டுத்தான் அனுப்புவார். பெயரை வைத்தவர் அதே கடையில் சீட் கவர் தைக்கிற தையல்காரர். பெயரைக் கேட்டதும் அரம் கோபப்படுவார் என்று பார்த்தால், விசிட்டிங் கார்டு அடிக்காத குறையாகப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

கைவேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஹாரன், மேட், ரிவர்ஸ் கேமரா எதுவானாலும் முதலில் வண்டியை ஒரு தரம் சுற்றி நடப்பார். பிறகு சக்கரத்தின் பக்கத்தில் அட்டையை விரித்துப் படுத்துக்கொள்வார். மட்ஃபிளாப் மாட்டுவதில் அவருக்குத் தனி சுத்தம் உண்டு. சேறு தெறிக்காமல் தடுக்கிற ரப்பர் துண்டுதானே என்று மற்றவர்கள் நாலு ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு எழுந்துவிடுவார்கள். இவர் அப்படியில்லை. ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவில் மண் புகுந்து பெயிண்டை அரைத்துவிடும் என்று முதலில் மெல்லிய ஒட்டுத்தாளை ஒட்டுவார். மாட்டி முடித்துச் சக்கரத்தை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்து, எங்கேயும் உரசவில்லை என்று தெரிந்த பிறகே கையைத் துணியில் துடைப்பார்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. வண்டிக்காரரிடம் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாமல் சக்கரத்துக்குள் கைவிட மாட்டார். எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் கை நீட்டி நிற்பார். "சாவி என் பையில, அப்புறம்தான் கை உங்க வண்டியில."

வாய்தான் அவருக்குச் சொன்ன பேச்சைக் கேட்காது. கொஞ்சம் பருத்த உடம்போடு ஒருவர் சீட் கவர் போட வந்தால், "கவர் கிடக்கட்டும் சார், முதல்ல சீட்டுக்கு ஒரு முட்டு கொடுக்கணும்" என்பார். கதவில் கீறலோடு வந்த ஒரு டீச்சரிடம், "செவுத்தைக் கட்டிப்பிடிச்சு அழுதீங்களாம்மா?" என்று கேட்டார். சிரிக்கத் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் மறுபடி வரவில்லை. கடையை நடத்திய முதலாளியம்மா ஒன்றும் சொல்வதில்லை. வேலை சுத்தமாக இருக்கிறது, வாய் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த வாய் பிறவியிலேயே வந்ததல்ல. பதினேழு வயதில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். அங்கே இருந்த மேஸ்திரி கையில் எது அகப்படுகிறதோ அதை எறிவார். ஸ்பேனர், சுத்தியல், சில சமயம் கொதிக்கிற டீ. கூட வேலை செய்த ஒருவன் காலில் ஜாக்கி விழுந்து நொண்ட ஆரம்பித்தான். இவர் ஒருநாள் அவன் பின்னாலேயே அவனைப் போல நொண்டி நடந்து காட்டினார். மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு இவர் மேல் எதுவும் வந்து விழவில்லை. சிரிக்க வைக்கிறவனுக்கு அடி இல்லை என்று அன்று தெரிந்துகொண்டதை அதன் பிறகு அவர் மறக்கவேயில்லை. மேஸ்திரி செத்து முப்பது வருஷம் ஆனபிறகும்.

வீட்டில் மனைவி முப்பத்தொரு வருஷம் அந்த வாய்க்குத் தின்னக் கொடுத்தாள். "இதை நாய்க்கு வச்சா அது நம்ம மேல கேஸ் போடும்" என்பார், தட்டைப் பார்த்துவிட்டு. அவள் தட்டை வைத்ததும் பின்பக்கம் துணி துவைக்கப் போய்விடுவாள். துவைக்கத் துணி இல்லாத நாளிலும் போவாள்.

ஒரே மகள். பதினோரு வயதில் பள்ளிக்கூட விழாவில் மேடையேறிப் பாடினாள். எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லாத்தான் இருந்துச்சு. பழைய பஸ்ஸு பிரேக் பிடிச்ச மாதிரி" என்றார். அம்மா கூடச் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பெண் குளிக்கும்போதுகூடப் பாடி யாரும் கேட்டதில்லை.

வளர்ந்து ரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைகிற ஒருவனைக் கட்டிக்கொள்ளப்போவதாக ஒருநாள் வந்து சொன்னாள். அவனுக்குத் திக்குவாய். ‘க’வும் ‘ப’வும் அவனைப் படாதபாடு படுத்தும். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவந்து விடுவான். "ஏன் இவனைப் போய்?" என்று அம்மா தனியாகக் கேட்டபோது மகள் சொன்னாள்: "அவர் ஒரு வார்த்தை பேசறதுக்கு முன்னாடி யோசிக்கிறாரும்மா. நம்ம வீட்ல அப்படி யாரும் இல்ல."

கல்யாணத்தைப் பதிவு செய்கிற ஆபீஸில், அதிகாரி மாப்பிள்ளையிடம் பெயர் கேட்டார். அவனுக்கு முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. ஆபீஸே காத்துக்கொண்டிருந்தது. அரம் வாய் திறந்தார்: "தந்தி வந்துக்கிட்டே இருக்கு. கொஞ்சம் பொறுங்க சார்." அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்களும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் மரியாதைக்குச் சிரித்தான். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மருமகனுக்குத் தந்தி என்று பெயர். நேரில் ‘வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை’ என்று குழைவார். முதுகு திரும்பியதும், "தந்தி போயாச்சா?" என்பார், காதில் விழுகிற மாதிரியே.

நாலு வருஷத்தில் மகள் வீட்டுக்கு வந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். வந்தாலும் இரண்டு மணி நேரம், செருப்பைக் கழற்றிய இடத்தைவிட்டு ரொம்பத் தள்ளி உட்கார மாட்டாள்.

இப்படி இருக்கும்போது அவர்கள் ஒரு மின்சாரக் கார் வாங்கினார்கள். ஒருவர் ஓட்டி விற்ற வண்டி. அவர்கள் குடியிருந்த இடம் புதிதாக வீடுகள் முளைக்கிற பகுதி. தார் போடாத ஜல்லிச் சாலை. ஆறு மாதத்துக்குள் முன்சக்கரத்துக்குப் பின்னால் பொடிக்கல் தெறித்துத் தெறித்து, கதவுக்குக் கீழே பெயிண்ட் அம்மைத் தழும்பு மாதிரி உரிந்துவிட்டது. மருமகன் எதையும் படித்துப் பார்த்துச் செய்கிறவன். அந்த வண்டிக்கென்றே செய்த மட்ஃபிளாப் செட் ஒன்றைத் தேடிப் பிடித்து வரவழைத்தான். தானே மாட்டிக்கொள்வதாகத்தான் இருந்தான். மகளின் அம்மா போனில் கெஞ்சினாள். "அப்பாகிட்டக் கொடுங்களேன். அவருக்கு வெளிய சொல்லிக்கப் பெருமையா இருக்கும். அந்தச் சாக்குல ஒரு தரம் முகம் பார்த்துக்கலாம்."

மகள் கடைசியில் சரி என்றாள்.

காலை பத்து மணிக்கு வண்டி கடை முன்னால் வந்து நின்றது. வந்ததே தெரியவில்லை. உள்ளே ரிவர்ஸ் கேமராவுக்கு வயர் வெட்டிக்கொண்டிருந்த அரம், கதவு சாத்துகிற சத்தம் கேட்டுத்தான் தலை நிமிர்ந்தார். மகளைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. அதை வெளியில் காட்டுகிற வழி அவருக்குத் தெரியாது. தையல்காரரும் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுகிறவனும் வாசலுக்கு வந்து நின்றுவிட்டார்கள். கல்லாவிலிருந்து முதலாளியம்மாவும் எட்டிப் பார்த்தாள். கூட்டம் கூடிவிட்டதென்றால் அவருக்கு வாய் தானாகத் திறந்துவிடும்.

"வாங்க மாப்பிள்ளை. வண்டி சத்தமே போடலியே. உங்களைப் பார்த்துக் கத்துக்கிச்சா?"

ஃபிலிம் ஒட்டுகிறவன் களுக்கென்று சிரித்தான். மருமகனும் புன்னகை செய்தான். மகள் சிரிக்கவில்லை.

"அப்பா, நாலு மட்ஃபிளாப். ஓட்டை போட வேண்டாம், வண்டியில இருக்கிற ஸ்க்ரூலயே மாட்டலாமாம். கூட வந்த பேப்பர்ல போட்டிருக்கு."

"பேப்பரைப் பார்த்து மாட்டறதுக்கு நான் எதுக்கும்மா? உன் புருஷன் போதுமே, படம் வரையறவர்." என்றபடி, வழக்கம்போலக் கையை நீட்டினார். "சாவி."

மருமகன் முன்னால் வந்தான். "இ... இதுக்குச் சாவி கி... கி... கி..."

"கிணத்துல விழுந்துடுச்சா?"

இந்தத் தடவை தையல்காரரும் சிரித்தார். மருமகன் கண்ணை மூடித் திறந்தான். "கிடையாது மாமா. போன்தான் சாவி. ப... பக்கத்துல போன் இருந்தா, சீட்ல உட்கார்ந்து பி... பி... பிரேக்கை மிதிச்சாலே வண்டி உயிரா இருக்கும். சத்தம் வராது. அதனால போ... போனை..."

அவன் சொல்ல வந்தது, போன்களை வண்டியைவிட்டுத் தள்ளிக் கடைக்குள் வைத்துவிடலாம் என்பதுதான். அரம் கையை உயர்த்திவிட்டார். "போதும் மாப்பிள்ளை. நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் நாலையும் மாட்டிடுவேன். இருபத்தாறு வருஷமா மாட்டறேன். கரண்ட் வண்டின்னா சக்கரம் சதுரமாவா இருக்கு?"

நீட்டிய கை வெறுமனே இருந்தது. அவர் அதைப் பையில் விட்டுக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாவி வாங்காமல் வேலையை ஆரம்பித்தார்.

பின்சக்கரம் இரண்டும் சுலபமாக முடிந்தன. வளைவுக்குள் இருந்த ஸ்க்ரூக்களுக்கு நட்சத்திர முனை உள்ள ஸ்க்ரூ டிரைவர் வேண்டியிருந்தது. கழற்றி, ஒட்டுத்தாள் ஒட்டி, ஃபிளாப்பை வைத்து, அதே ஸ்க்ரூவைத் திரும்பக் கொடுத்தார். துளைகள் மயிரிழைகூட விலகாமல் பொருந்தின. பேப்பரில் போட்டிருந்தது சரிதான். அதை வாய்விட்டுச் சொல்ல அவர் தயாராக இல்லை. "சைனா பொம்மைக்குச் சட்டை மாட்டற மாதிரி இருக்கு" என்றார். வலது முன்சக்கரமும் முடிந்தது. ஒவ்வொரு தடவை எழும்போதும் மருமகனை ஒரு இழுப்பு இழுத்தார். தண்ணீர் பாட்டில் கேட்டு, அவன் ‘கொ... கொடுக்கறேன்’ என்பதற்குள், "கொ கொ கொ. முட்டை போடப் போறாரு, தள்ளிக்கங்க" என்றார். தெருவில் போகிற இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மகள் கடைச் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மருமகன் அவள் பக்கம் பார்த்து, விடு என்பதுபோலத் தலையசைத்தான்.

மீதி இருந்தது இடது முன்சக்கரம். மருமகனை விட்டு ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடிக்கச் சொன்னார். சக்கரத்தின் பின்பாகம் உள்ளே போய், கை நுழைய இடம் கிடைத்தது. மருமகன் இறங்கி வந்து முன்பக்கம் நின்றுகொண்டான். அரம் அட்டையை இழுத்துப் போட்டுப் படுத்து, வலது கையை டயருக்கும் வளைவுக்கும் நடுவே விட்டார். இடது பக்கம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வண்டி நின்றதால், எழுந்து நிற்கிறவர்களுக்கு அந்தப் பக்கம் அவர் கால் மட்டும்தான் தெரியும்.

படுத்தபடியே தையல்காரரிடம் சத்தமாகக் கேட்டார்: "ஏம்ப்பா, இவங்களுக்குப் பிள்ளை பொறந்தா என்ன பண்ணும்? அப்பான்னு கூப்பிடறதுக்குள்ள பள்ளிக்கூடம் முடிச்சிடுமில்ல?"

யாரும் சிரிக்கவில்லை. தையல்காரர் தரையைப் பார்த்தார். அவர்களுக்கு ஒரு குழந்தை நாலாம் மாதத்தில் கலைந்து போய் எட்டு வாரம்தான் ஆகியிருந்தது. மனைவி அதை அரத்திடம் சொல்லியும் இருந்தாள். சொல்லும்போது அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டவர்தான். வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. அடுத்ததாக ஏதாவது சொல்லி அதை மூடிவிடலாம் என்று அட்டையில் படுத்தபடி தேடிக்கொண்டிருந்தார்.

மகள் சுவரைவிட்டு நகர்ந்தாள். "வாங்க போகலாம். போதும்" என்றாள் புருஷனிடம். டிரைவர் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கைப்பையில் போன் இருந்தது. பிரேக்கை மிதித்தாள். வண்டி சத்தமில்லாமல் விழித்துக்கொண்டது. இடது பக்கம் சுவர். வெளியே எடுக்க வேண்டுமென்றால் வலது பக்கம்தான் ஒடிக்க வேண்டும்.

முன்னால் நின்ற மருமகனுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் தெரிந்தன. கண்ணாடிக்குப் பின்னால் மனைவியின் கை ஸ்டியரிங்கில் போவதும், சக்கரத்துக்குள் மாமனாரின் கை முழங்கை வரை போயிருப்பதும். இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"கை... க... க... க... க..."

அட்டையில் படுத்திருந்தவருக்கு அது பெரிய உதவியாக இருந்தது. தேடிக்கொண்டிருந்த வார்த்தை கிடைத்துவிட்டது. "க க க க! காக்காய்க்குச் சோறு வைங்கப்பா!"

ஸ்டியரிங் திரும்பியது. கரண்ட் வண்டியின் ஸ்டியரிங் ஒரு விரலால் சுற்றினாலும் சுற்றும், சக்கரம் எதற்கும் நிற்காது. டயரின் பின்பாகம் வெளியே வந்து அவர் கையை ஸ்க்ரூ டிரைவரோடு சேர்த்து வளைவின் தகர விளிம்பில் வைத்து அழுத்தியது. அவர் போட்ட கூச்சலுக்குத் தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மகள் பதறிப்போய் ஸ்டியரிங்கை மேலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். மருமகன்தான் கதவுக்குள் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டு ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்பினான். கை வெளியே வந்தபோது ஆட்காட்டி விரலும் நடுவிரலும் விரலாக இல்லை.

தன் சட்டையைக் கழற்றி அந்தக் கையில் சுற்றியவனும், பின்சீட்டில் அவரைத் தன் மடியில் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் மருமகன்தான். மகள் ஓட்டினாள். வழியெல்லாம் அவர் முனகல் மட்டும் கேட்டது.

இரண்டு விரலையும் நடுக் கணுவோடு எடுத்துவிட்டார்கள். மறுநாள், ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய் ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். "யார் உட்கார்ந்திருந்தது வண்டியில?"

மகள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. யார் மேலும் தப்பில்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. கை விண்விண்ணென்று தெறித்தது. யாராவது ஒருவர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றிருந்தது அவருக்கு. "மருமகன்" என்றார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டே, "தெரியாமப் பண்ணிட்டாரா?" என்று கேட்டார். "தெரிஞ்சுதான்" என்றார் அரம்.

கடையில் விசாரித்தபோது, முதலாளியம்மா தான் கல்லாவில் இருந்ததாகவும் எதையும் பார்க்கவில்லை என்றும் சொன்னாள். மற்ற இருவரிடமும் அப்படியே சொல்லச் சொன்னாள். கடை வாசலில் நடந்ததற்குக் கடைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது. தையல்காரருக்கு இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். அவரும் பார்க்கவில்லை என்றார்.

மருமகனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார வைத்தார்கள். அதைப் பற்றி மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து மகள்தான் சொன்னாள். படுக்கைக்கு அருகில் ஸ்டூலில் உட்கார்ந்து, செய்தி வாசிக்கிறவள் மாதிரிக் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"நான்தான் ஓட்டினேன்னு நானும் போய்ச் சொன்னேன். புருஷனைக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னு வெளிய உட்கார வச்சுட்டாங்க. அவரை உள்ள திரும்பத் திரும்ப அதையே சொல்லச் சொன்னாங்களாம். உண்மை பேசறவனுக்கு ஏண்டா வாய் குழறுதுன்னு கேட்டாங்களாம். அவர் ஒரு பேப்பர் வாங்கி, வண்டி எங்க நின்னுச்சு, உங்க கை எங்க இருந்துச்சு, நான் எங்க உட்கார்ந்திருந்தேன்னு படமா வரைஞ்சு காட்டியிருக்காரு. அதை டீ கிளாஸுக்கு அடியில வச்சுக்கிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அவரை மாதிரியே பேசிக் காட்டிச் சிரிச்சிருக்காங்கப்பா. நீங்க பண்ணுவீங்களே, அதே மாதிரி. வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அவர் ஒரு வார்த்தை பேசல."

அரம் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்புப் பண்ணிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டியது என்ன என்பதும் தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்த ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். ஐம்பத்தேழு வயதில் வாய் தன் பழக்கத்தை விடவில்லை.

"தந்தி அடிக்கறதுன்னா போஸ்ட் ஆபீஸுக்குத்தானே போகணும்? ஸ்டேஷனுக்கு ஏன் போனாரு?"

கால் ஒடிந்தவன் சிரித்தான்.

மகள் அழுவாள் என்று நினைத்தார். அவள் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "அப்பா, அன்னைக்கு உங்க கை உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாது. அது உண்மை. ஆனா தெரிஞ்சிருந்தா திருப்பியிருக்க மாட்டேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அந்த நிமிஷம் நீங்க என் பிள்ளையைச் சொல்லிச் சிரிச்சீங்க. யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். முடியலப்பா."

எழுந்து, ஸ்டூலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அவர் அன்று சாயங்காலமே நர்ஸிடம் சொல்லிப் போலீஸ்காரரை வரவழைத்தார். மகள்தான் உட்கார்ந்திருந்தாள், தெரியாமல் நடந்தது, யார் மேலும் புகார் இல்லை என்றார். போலீஸ்காரருக்கு ஆத்திரமாக வந்தது. "பெரிய மனுஷன் பேசற பேச்சா இது? உங்க வீட்டுச் சண்டைக்கு நாங்கதான் கிடைச்சோமா?" என்று வார்டே கேட்கும்படி திட்டினார். வலது கையால் பேனா பிடிக்க முடியாததால் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார். மருமகனிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கு அவன் வரவுமில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் மனைவி சோறு பிசைந்து கொடுத்தாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்ட வாரம், மகள் வீட்டுக்குப் பத்து நாள் போய்வருவதாகச் சொல்லிவிட்டு மனைவி பெட்டி கட்டினாள். பத்து நாள் இருபது நாளாயிற்று. போன் செய்தபோது, "நான் இங்கேயே இருந்துக்கறேங்க" என்றாள். சண்டை போடுகிற குரலில்லை. "எதுக்கு?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இங்க சாப்பிட உட்கார்ந்தா முடியற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கடையில் முதலாளியம்மா இரக்கப்பட்டு வேலையில் வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் மூன்று விரலால், ஸ்க்ரூ முறுக்குகிற ராட்செட்டைப் பிடித்துப் பார்த்தார். ஸ்க்ரூ நழுவி நழுவிச் சாக்கடையில் விழுந்தது. "அண்ணே, நீங்க வெளிய நின்னு வண்டிங்களுக்கு ரிவர்ஸ் காட்டுங்க, அது போதும்" என்றாள். ஒரு விசில் வாங்கிக் கொடுத்தாள். ஃபிலிம் ஒட்டுகிறவன் இப்போது மட்ஃபிளாப் மாட்டுகிறான். வேலையில் சுத்தம் இல்லை. ஒட்டுத்தாள் ஒட்டுவதில்லை. இவர் ஏதாவது சொல்லப்போனால், இரண்டு விரலை மடக்கிக் கையைத் தூக்கிக் காட்டி, "சரிங்க எட்டு" என்பான். பத்து விரலில் மிச்சம் எட்டு; இப்போது அதுதான் அவர் பெயர். தெருவில் வடை விற்கிறவள்கூட, "எட்டண்ணே, டீ ஆறிப்போகுது" என்கிறாள். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அவரும் மரியாதைக்குச் சிரித்துவைக்கிறார்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரிடமும் சொல்லாமல் இரண்டு பஸ் மாறி மகள் வீட்டுக்குப் போனார். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். என்ன பேசுவது என்று பஸ்ஸிலேயே வார்த்தை வார்த்தையாகக் கோத்து வைத்திருந்தார். ‘மாப்பிள்ளை, நான் பேசினது தப்பு.’ அவ்வளவுதான். நாலு வார்த்தை. ஜல்லிச் சாலையில் சேறு கணுக்கால்வரை இருந்தது. வாசலில் கார் நின்றது. நாலாவது மட்ஃபிளாப்பை மருமகனே மாட்டியிருந்தான். கொஞ்சம்கூடச் சாயாமல் கச்சிதமாக இருந்தது.

மணியை அடித்தார். மருமகன்தான் கதவைத் திறந்தான். கையில் வண்ணம் தோய்ந்த தூரிகை. உள்ளேயிருந்து மனைவியும் மகளும் எதற்கோ சிரித்துப் பேசுகிற சத்தம் வந்தது. மனைவி அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. கோத்து வைத்த நாலு வார்த்தையில் முதல் வார்த்தை தொண்டையில் நின்றுகொண்டது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். மருமகன் அவசரப்படாமல் நின்றான். எவ்வளவு நேரமானாலும் நிற்பான் போலிருந்தது. அவன் முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை.

"யாருங்க வாசல்ல?" என்று உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

மருமகன் அவரைப் பார்த்தபடியே, ஓர் எழுத்துகூடத் தடுக்காமல், "யாருமில்ல" என்றான். சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான்.

அவர் பழப் பையோடு கொஞ்ச நேரம் நின்றார். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "யாரைத் தேடறீங்க?" என்று கேட்டாள்.

"வீடு மாறி வந்துட்டேம்மா" என்றார் அவர். பஸ் எங்கே நிற்கும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டு, சேற்றில் கால் பதியாத இடமாகப் பார்த்து நடந்தார்.